முள்வேலிக்கு அடியில் இருந்த பாதை

முன்சீப் அய்யாவின் படத்துக்கு அந்த வக்கீல் மாலை போட்டதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. போன வாரம், நான் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே நீதிமன்றத்தில் இரங்கல் கூட்டம். "அப்பழுக்கில்லாத நீதிபதி" என்று மைக்கில் குரல் தழுதழுக்கப் பேசினார். அய்யாவை அழுக்காக்கியவரே அவர்தான்.

அய்யா முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்ட மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவர். படித்து, சில வருடம் வக்கீலாக இருந்து, தேர்வெழுதி முன்சீப் ஆனவர். வழக்குப் போட்டவருக்கு விளங்க வேண்டும் என்று தீர்ப்பைத் தமிழில்தான் சொல்லுவார், நான் எழுதிக்கொள்ளுவேன்.

சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஊருணிக்குப் போகும் பாதையை ஒரு நிலக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். கூலி வேலை பார்க்கும் ஒரு பெண் வழக்குப் போட்டாள். பாதையே கிடையாது என்று நிலக்காரருக்காக வாதாடியவர், இப்போது மாலை போட்ட இந்த வக்கீல். இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பிய கமிஷனரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அய்யா நேரிலேயே போய்ப் பார்ப்பதாக அறிவித்தார். இரண்டு தரப்பு வக்கீல்களோடு நானும் நோட்டுடன் போனேன்.

உச்சி வெயில். வேலியை ஓரிடத்தில் விலக்கச் சொன்னார். கருவேல முள்ளுக்கு அடியில் காலடி பட்டுப் பட்டு இறுகிய மண், இரண்டடி அகலத்துக்கு, நேராக ஊருணிவரை ஓடியது.

"பாதை இல்லன்னா இங்கன மட்டும் புல்லு ஏன் மொளைக்கல?" என்று அந்த வக்கீலிடம் கேட்டார்.

அந்தப் பெண் செம்பில் தண்ணீர் நீட்டினாள். "குடிங்கய்யா, வேர்த்துக் கொட்டுது."

"வழக்கு முடியட்டும் தாயி" என்று சொல்லிவிட்டார் அய்யா. உதடு வெடித்திருந்தது.

வேலியை எடுக்கத் தீர்ப்பானது. அடுத்த மாதமே, பாதை பார்க்கப் போன அன்று அய்யா அந்தப் பெண்ணின் வீட்டில் விருந்து சாப்பிட்டதாகப் புகார் போனது. எழுதிக் கொடுத்தவர் இதே வக்கீல். விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று எங்கள் தலைமை எழுத்தர் என்னை ஓரமாக அழைத்தார்.

"நீ எதையும் கவனிக்கலன்னு சொல்லிரும்மா. இல்லாட்டி உன்னையும் எங்கயாச்சும் தூக்கிப் போட்ருவாங்க."

எனக்குக் கைக்குழந்தை. கவனிக்கவில்லை என்றே சொன்னேன். பச்சைப் பொய். அய்யாவை எங்கோ தூரத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு வரவே இல்லை, முன்சீப்பாகவே ஓய்வுபெற்றார். மாற்றலாகிக் கிளம்பும் அன்று "வாரேம்மா" என்றார், அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"அய்யா அந்த வீட்டுப் படிகூட மிதிக்கல. குடுத்த தண்ணியக்கூடக் குடிக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன். இந்தா மாலை போட்டாரே, இவருதான் பொய்ப் புகார் எழுதுனாரு!"

"பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறுறீங்க? உக்காருங்க" என்றார் வக்கீல். நான் உட்காரவில்லை. அவர்தான் பேச்சைப் பாதியில் விட்டு இறங்கிப் போனார்.

வெளியே வந்தபோது அய்யாவின் மகள் என்னிடம் வந்தாள். அவள் நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்க அய்யா சாகுற வரைக்கும், ஒருத்தராச்சும் உள்ளதச் சொல்ல மாட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். "இத்தன வருசமும் நீங்க இங்கனயேதான் இருந்தீங்களா?"

"ஆமா" என்றேன்.