ராடோவின் மூன்று மூலைகள்

எங்கள் ஊர் பனி ஹாக்கி அரங்கத்துக்கு நான்கு மூலைகள். பயிற்சியாளன் ராடோவுக்கு மட்டும் மூன்றுதான்.

முப்பது வருஷமாகப் பனித்தளத்தைத் தேய்த்துச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுகிறவன் நான். வண்டி நுழைகிற கதவு அந்த நான்காவது மூலையில் இருக்கிறது. அங்கே நின்றுதான் அவன் பிள்ளைகளுக்கு மடக்கச் சொல்லித்தருவதைப் பார்ப்பேன். பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை மட்டையால் ஓட்டி வருகிறவனை நேராகப் போய் முட்டக் கூடாது. வளைந்து போய் உள்பக்கத்தை அடைத்து, பலகைச் சுவரோரம் மட்டும் வழிவிட்டு, அதையும் குறுக்கிக்கொண்டே வந்து தோளோடு தோள் சேர்த்து நிறுத்த வேண்டும். மலையில் ஆட்டு நாய் ஆட்டின் மேல் பாயுமா, பக்கத்தில் ஓடியே பட்டியில் அடைக்காதா என்று கேட்பான். பிள்ளைகள் குரைத்துக்கொண்டே சறுக்கும். இவனும் சேர்ந்து குரைப்பான். நான்காவது மூலை நெருங்கினால் மட்டும் ஊதலை ஊதித் திருப்பிவிடுவான்.

ஊருக்கே காரணம் தெரியும். பதினைந்து வயதில், பயிற்சியின்போது, அந்த மூலையில்தான் தன் சிநேகிதன் காமிலை மடக்கினான். இடித்த வேகத்தில் கதவு திறந்துகொண்டது. காமிலின் தலை இரும்புத் தூணில் மோதியது. மூன்றாம் நாள் போய்விட்டான். முரட்டுப் பயல் கதவே பிய்கிற மாதிரி இடித்தான் என்றது ஊர்.

காமிலின் அம்மா செல்மீராவுக்கு ரொட்டிக்கடை. ராடோவைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். இருபத்திரண்டு வருஷமாக அவன் பக்கத்து ஊரில்தான் ரொட்டி வாங்குகிறான். பகலில் மர அறுவை ஆலை, சாயங்காலம் பிள்ளைகள். கல்யாணம் காட்சி ஒன்றுமில்லை. ஆளில்லாத அரங்கில் பலகை முறிந்தாற்போல் சத்தம் கேட்டால் சட்டென்று நின்று, உங்களுக்கும் கேட்டதா என்று என்னிடம் கேட்பான். இல்லை என்பேன். எனக்கும் கேட்கும்.

போன சனிக்கிழமை வெளியூர்க்காரர்களுடன் ஆட்டம். எதிராளி வட்டோடு நான்காவது மூலைக்குள் புகுந்தான். அங்கே எப்படி வளைவது என்று எங்கள் அணிப் பையன் டாமியனுக்குத் தெரியவில்லை. நேராகத் துரத்திப் போய் முதுகில் இடித்துவிட்டான். அந்தப் பையன் தலைகுப்புற விழுந்தான். நல்லவேளை, எழுந்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் ராடோ என் வண்டிக் கொட்டகைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஃபேரோ அண்ணே, தப்பு என்மேலதான். அந்த மூலைய நான் சொல்லிக்குடுக்கவே இல்ல. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க. எங்கிட்ட இருந்தா இன்னொரு புள்ள சாகும்."

வேறு ஆள் எங்கே இருக்கிறான்? சொல்லிவிட்டேன்.

"நீ சரியாத்தான் மடக்கின ராடோ. அன்னைக்கு நான்தான் கதவுக்குத் தாழ்ப்பாள் போடல. எல்லாரும் அவனத் தூக்கிக்கிட்டு ஓடினப்போ, யாரும் பாக்காம போட்டுட்டேன்."

அவன் அறைந்திருந்தால் தேவலை.

"காமில் அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"போய்ச் சொல்லுங்க. அப்புறம் நான் அந்த மூலைக்குப் போறேன்."

பாவி நான், அவளிடம் ரொட்டி வாங்காத நாளே கிடையாது. மறுநாள் காலை கடை திறந்ததும் போய்ச் சொன்னேன். வழக்கம்போல் எனக்காக எடுத்துவைத்திருந்த ரொட்டி அவள் கையில் இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

"இத்தன வருஷமா என் கையாலதான வாங்கித் தின்ன? ஒரு நாள்கூடத் தொண்டையில சிக்கலையா?"

ரொட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ராடோ பிள்ளைகளை நான்காவது மூலைக்குக் கூட்டிப்போனான். முதலில் அவனே வளைந்து போய் டாமியனை மடக்கிக் காட்டினான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள்கள் வந்து வந்து இடித்தன. கதவு அசையவில்லை. ராடோ என் பக்கம் திரும்பவே இல்லை.