வரிசைக்கு முன்னால் நின்ற பையன்

திருச்சியில் ஒரு கல்லூரி ஆண்கள் விடுதிக்கு இருபத்தாறு வருஷமாக வார்டனாக இருக்கிற தைரியராஜைப் பற்றி மாணவர்கள் சொல்லும் குறைகளை எழுதினால் இரண்டு நோட்டு நிரம்பும். ரப்பர் செருப்பில் சத்தமே இல்லாமல் மாடிக்கு வந்து நிற்பார். சாம்பார் தண்ணீராக இருந்தாலும் தட்டில் மிச்சம் வைக்க விடமாட்டார். பிறந்தநாள் கேக்கை மூஞ்சியில் அப்பினால் அப்பாவுக்கு ஃபோன் போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் ராகிங் விஷயத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவியவன் ஒரே ஒருவன்தான்.

அது நடந்து பதினைந்து வருஷம் இருக்கும். உப்பிலியபுரத்துப் பக்கத்திலிருந்து சேர்ந்த முதலாமாண்டுப் பையன் ஒருவனை, ஒரே மாதத்தில் அவன் அப்பா வந்து கூட்டிப் போய்விட்டார். “பையனுக்கு இந்த இடம் ஒத்துக்கலைங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டார். பையன் வாயே திறக்கவில்லை. அவனை ராவெல்லாம் முட்டி போட வைத்து அடித்தது யார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். தைரியராஜ் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்ட பையன். கெட்ட பையன்தான் அடிப்பான் என்ற நினைப்பை அன்றோடு அவர் விட்டார்.

அதிலிருந்து ஒரு வழக்கம். சீனியர் சொல்வதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார், நம்ப மாட்டார். ஜூனியரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் முடிவு. கேட்பதிலும் ஒரு தினுசு உண்டு. “அடிச்சாங்களா?” என்று கேட்டால் எந்தப் பையனும் இல்லை என்றுதான் சொல்வான். அதனால் இவர், “எங்க அடிச்சாங்க?” என்று கேட்பார். அடி வாங்காதவன் முழிப்பான். வாங்கியவன் அழுதுவிடுவான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகன், ஜெஸ்வின். ஸ்காலர்ஷிப் கிடைத்து அமெரிக்காவில், டெக்சஸில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து தைரியராஜும் மனைவி லூர்துராணியும் வீடு திரும்பிக் காபியில் கை வைக்கும் நேரத்துக்கு, திருவெறும்பூரிலிருந்து லூர்துராணியின் அண்ணன் மகள் ஜென்சி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். “மாமா, ஜெஸ்வின் அத்தானைப் பாருங்க, செம கெத்து!”

போட்டோவில் ஒன்பது பையன்கள். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. முன்னால் நிற்பவன் தோளில் பின்னால் நிற்பவன் கை. பார்வை தரையில். வரிசைக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஜெஸ்வின்.

லூர்துராணி மகனைப் பார்த்தாள். தைரியராஜ் அந்த ஒன்பது பேரைப் பார்த்தார். தூர தேசத்தில் பிள்ளை அடி வாங்குகிறானோ என்று பயப்படாத தகப்பன் இல்லை. இவருக்கு வந்தது வேறு பயம். என் பிள்ளை அடிக்கிறவனாகிவிட்டானோ? காபி ஆடை கட்டியது. உடனே வீடியோவில் கூப்பிட்டார். அங்கே சனிக்கிழமை ராத்திரி.

“அது ஃப்ரெட்டர்னிட்டிப்பா” என்றான் ஜெஸ்வின். “இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கைன்னு நம்ம பக்கத்துக் குடும்பத்துப் பசங்க காலேஜ்ல சேர்ந்து நடத்தற சங்கம். புதுசா சேர வர்றவங்களை எட்டு வாரம் ஒரு பழைய மெம்பர் பழக்கணும். இந்த வருஷம் நான்.”

“தலையை ஏன்டா குனிஞ்சிருக்காங்க?”

“அது ஒரு சடங்குப்பா. கடைசி நாள் மேடையிலதான் முகத்தைக் காட்டுவாங்க.”

“கை வச்சியா?”

“இல்லப்பா.”

இருபத்தாறு வருஷமாக எல்லா சீனியரும் சொன்ன அதே ‘இல்ல’. பெற்ற பிள்ளை வாயிலிருந்து வந்ததற்காக அதற்கு ஒரு குண்டுமணி மதிப்பும் கூடவில்லை.

“இருக்கறதுலயே சின்னப் பையன்கிட்ட ஃபோனைக் குடு. நீ வெளிய போ.”

“என்னங்க இது, நம்ம பிள்ளைங்க!” என்று பதறினாள் லூர்துராணி. ஜெஸ்வின் முகம் சிறுத்துப் போயிற்று. ஆனாலும் கொடுத்துவிட்டுப் போனான்.

திரையில் ஒரு ஒட்டவெட்டுத் தலை வந்தது. “ஹலோ அங்கிள், ஐயாம் மாதவன். எங்க அப்பாவுக்கு ஸ்ரீரங்கம், உத்தர வீதி. என் தமிழ் கொஞ்சம் மோசம்.”

“பரவாயில்ல தம்பி. எங்க அடிச்சான்?”

“யாரை அங்கிள்?”

“உங்களைத்தான்.”

“யாரு?”

மாதவன் முழித்தான். அசல் முழி. அதில் கலப்படம் இருந்தால் தைரியராஜுக்குத் தெரியும். பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கொட்ட ஆரம்பித்தான்.

“அடியெல்லாம் இல்லை அங்கிள். ஆனா டார்ச்சர்! பதினோரு மணிக்கு எல்லார் ஃபோனையும் வாங்கி வச்சுக்கறான். டெய்லி ரெண்டு மணி நேரம் லைப்ரரில உட்காரணும். சாப்ட்டேன்னா என்ன சாப்ட்டேன்னு கேக்கறான். தட்டுல மிச்சம் வச்சா லெக்சர். தலையை எண்ணிப் பாத்துட்டுத்தான் தூங்கப் போறான். நாங்க அவனுக்கு வார்டன்னு பேர் வச்சிருக்கோம்.”

லூர்துராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். தைரியராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். அதைப் போல ருசியான காபியை அவர் குடித்ததே இல்லை.

ஜெஸ்வின் திரும்பி வந்தான். “விசாரணை முடிஞ்சுதாப்பா?”

“முடிஞ்சுது. மன்னிச்சிருடா. சந்தேகப்பட்டுட்டேன்.”

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“அப்பா, ஒண்ணு இருக்கு. மாதவன் சொல்லியிருக்க மாட்டான். மொத வாரம் அவன் லேட்டா வந்தான். வெளியில, குளிர்ல, இருபது நிமிஷம் நிக்க வச்சேன். போன வருஷம் என்னையும் அப்படித்தான் நிக்க வச்சாங்க. ஜன்னல் வழியாப் பாத்தேன், கையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நடுங்கினான். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. உள்ள கூட்டிட்டு வந்து சாரி சொன்னேன். அதுக்கப்புறம் யாரையும் நிக்க வைக்கல. மத்த சீனியருங்களையும் நிக்க வைக்க விடல.”

எத்தனை சீனியர்கள் தைரியராஜின் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்! மாட்டிக்கொண்டு அழுதவர்கள், சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்கள், கடைசிவரை இல்லவே இல்லை என்று சாதித்தவர்கள். ஜூனியரே ஒன்றும் இல்லை என்று சொல்லி, விசாரணை முடிந்து, தப்பித்தோம் என்று போகலாம் என்கிற நேரத்தில், கேட்காமலே வந்து சொன்னவன் இவன் ஒருவன்தான்.

“சொன்னியே, போதும்டா” என்றார். அடுக்களைக்குப் போய் ஃபோனை மனைவியிடம் நீட்டினார்.