ஏர் படாத நாற்பது சென்ட்

விடிந்ததும் சணப்பைக்குள் நுழைந்து ஒரு தண்டைப் பிடித்து வளைத்துப் பார்க்கிறாள் சுந்தராம்பாள். கையை எடுத்ததும் அது விருட்டென்று நிமிர்ந்துகொள்கிறது. "இன்னும் பச்சப்புள்ள" என்று அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். அவள் தலைக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூக்கத் தொடங்கியிருக்கிற, மண்ணுக்கு உரமாகும் பசுந்தாள் பயிர். உள்ளே ஆள் இருப்பது பூக்கள் ஆடுவதை வைத்துத்தான் தெரியும். வளைத்த தண்டு நிமிராமல், மடிந்த இடத்திலேயே நசுங்கித் தொங்கினால் சாய்க்க நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டுச் சாய்த்தால் மறுபடியும் எழுந்து நிற்கும். அசந்துவிட்டால் காய் முற்றி விதை கொட்டி, அதுவே களையாகிவிடும்.

சேரப்பணஞ்சேரியில் அவள் குடும்பத்துக்கு மிச்சமிருப்பது இந்த நாற்பது சென்ட்தான். கிழக்கே ஒரு கம்பெனியின் மதில். மதில் மேல் இரவு முழுக்க விளக்கு எரியும். சணப்பை பூக்க நல்ல இருட்டு வேண்டும் என்பதால் மதிலோரத்து வரிசைகள் மட்டும் எப்போதும் பின்தங்கியே பூக்கும். "அதுங்க நைட் ஷிப்ட் பாக்குதுங்க. பகல் எது, ராவு எதுன்னு அதுங்களுக்கு இன்னா தெரியும்" என்பாள். அந்த வரிசைகளுக்காகத் தனியே காத்திருப்பாள்.

சாய்ப்பதற்கு அவளிடம் இருப்பது ஒரு பலகை. கம்பெனிக்கு இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டியிலிருந்து உடைத்து எடுத்தது. இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பலகையைப் பயிரின் மேல் வைத்து ஒரு காலால் அழுத்தி மிதிப்பாள். தூக்கி, ஒரு சாண் தள்ளி, மறுபடியும் மிதி. பயிர் ஒரே பக்கமாகப் படுத்துப் பாயாகிவிடும். சில நாளில் அது காய்ந்து பழுப்பேறும். அரிவாள் முனையால் அந்தப் பாயை விலக்கி, குத்தி, கத்தரி நாற்றோ தக்காளி நாற்றோ வைப்பாள். அவ்வளவுதான். உழுவதில்லை. உர உப்பு போடுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. பாய்க்குக் கீழே களைக்கு வெளிச்சம் போகாது. வெயில் மண்ணைத் தொடாது.

சேலைக்கு மேல் அவள் போட்டிருக்கும் நீலச் சட்டை ஏதோ ஒரு கம்பெனியின் சீருடை. பழைய துணிக்காரனிடம் வாங்கியது. பையின் மேல் 'அன்பு' என்று ஆங்கிலத்தில் தைத்திருக்கும். ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் அவள் காய் விற்க உட்காரும்போது, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்து, "அன்பு அக்கா" என்று கூப்பிடுவார்கள். அவள் திருத்தியதில்லை. தெற்கிலிருந்து வந்த ஒரு பெண் வெண்டைக்காயைப் பச்சையாகவே கடித்துக்கொண்டு, "எக்கா, இது எங்கூர்க் காய் மாதிரில்லா இருக்கு" என்பாள். "துன்னு, துன்னு. வேல செய்யற ஒடம்பு" என்று இன்னும் இரண்டை எடுத்து அவள் கையில் வைப்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குக் கோபம் வரும். பாத்திகளுக்கு நடுவே நடக்கப் பலகைகள் பதித்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அதன் மேல்தான் நடக்க வேண்டும். கம்பம் பார்க்க வந்த மின்வாரிய ஆளையும் அதில்தான் தாவித் தாவிப் போக வைத்தாள். "காலு எங்க கீது பாரு. கீழ மண்புழுங்க குடும்பம் நடத்திகினு கீதுங்க."

இப்படிப்பட்டவளின் கணவன் சுப்பராயன் ஒரு டிராக்டர்க்காரன். அவளுடைய சொந்த அத்தை மகன். சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருக்கிற நிலத்துக்கெல்லாம் அவனுடைய ரொட்டவேட்டர்தான் போகிறது. புழுதியில் கட்டி ஒன்று இல்லாமல், மாவு சலித்த மாதிரி ஓட்டிக் கொடுப்பான். பக்கத்தில் கம்பெனி கட்ட ஏரியாவையே மண் அடித்து மேடாக்கிய வருஷம் அவன் வண்டி ஒரு நாளும் வீடு தங்கவில்லை. "நாளிக்கு ஓட்டறேன், நாளிக்கு ஓட்டறேன்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, நாற்றங்காலில் கத்தரி நாற்று முற்றிக்கொண்டு போனது. ஆத்திரத்தில், காய்ந்து கிடந்த காராமணிக் கொடிகளை விலக்கிவிட்டு அப்படியே குத்தி வைத்தாள். வராது என்றுதான் வைத்தாள். பக்கத்து நிலத்துச் செடிகள் மாசி வெயிலில் தலை தொங்கியபோது அவளுடையவை நின்றன. கொடியை விலக்கிப் பார்த்தாள். மண் ஈரமாக இருந்தது. அன்றிலிருந்து நிலத்தில் ஏர் விடவில்லை.

வேண்டுமென்றே செய்த அடுத்த வருஷம் சொதப்பியது. மூடாக்காகக் கிடந்த சருகுக்குள் நத்தை பெருகி, வைத்த நாற்றையெல்லாம் ஒரே வாரத்தில் மொட்டையடித்தது. பெயின்ட் வாளி நிறைய நத்தை பொறுக்கினாள். தப்பிய செடிகளும் வெளிறி நின்றன. டீக்கடையில் சுப்பராயனைச் சீண்டினார்கள். "ஊரு நெலமெல்லாம் ஓட்டற, வூட்டு நெலத்துல உன்ன உடமாட்டறாங்களாமே?" அவன் சிரித்து வைப்பான். வீட்டுக்கு வந்து அவளிடம் எதுவும் சொல்ல மாட்டான். ஆனால் வண்டியை அந்தப் பக்கமாக ஓட்டி வருவதை நிறுத்திவிட்டான். அது அவளுக்குத் தெரியும்.

போகப் போக மண் மாறியது. மழை பெய்தால் தேங்காமல் உள்ளே இறங்கியது. நாற்று வைக்க அரிவாளே வேண்டியதில்லை, விரலால் குத்தினாலே போதும் என்றானது. அவள் அதை யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளவில்லை. சுப்பராயனிடம்கூட.

போன வருஷம் புரட்டாசி பிறக்கும் சமயத்தில், சணப்பை பூவெடுத்த நேரமாகப் பார்த்து, அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரி. சுப்பராயன் கூடவே இருந்தான். முகம் துடைத்துவிட்டான், கஞ்சி ஊட்டினான், வார்டிலிருந்த மற்றப் பெண்கள் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மிதிக்கிற வேலையே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். துணி மாற்றி வர ஊருக்குப் போனவன் நிலத்துப் பக்கம் போய்ப் பார்த்தான். ஆள் உயரத்துக்குக் காடாக நின்றது. தைத்த வயிற்றோடு இவள் வந்து இத்தனையையும் மிதிப்பாளே என்று நினைத்தபோது அவனுக்குப் பகீரென்றது. டிராக்டரை எடுத்தான். மத்தியானத்துக்குள் உழுது முடித்துவிட்டான்.

அவளை ஆட்டோவில் கூட்டி வந்த அன்று, வீட்டுக்குப் போகும் முன் நிலத்தோரம் நிறுத்தச் சொன்னான். "இறங்காத. இங்கருந்தே பாரு."

அவள் பார்த்தாள். மதில் வரைக்கும் ஒரே சிவப்பு மண். ஒரு கட்டி கிடையாது. பலகைகளைக்கூட எடுத்து வரப்போரம் அடுக்கி வைத்திருந்தான்.

"நீ வந்து வெறும் நாத்து வச்சா போதும்" என்றான். "பசுந்தாள மடக்கித்தான் ஓட்னேன் சுந்தரி. அல்லாம் உரந்தான்."

அவள் பார்வை அடுக்கியிருந்த பலகைகளில் நின்றது. பிறகு கேட்டாள். "ஓட்டசொல்ல கொக்கு வந்துச்சா மாமா?"

"கொக்குன்னா கொக்கு, அவ்ளோ கொக்கு. நம்ம ஏரில கூட நான் அவ்ளோ பாத்ததில்ல. வண்டிக்குப் பின்னாலயே..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். கொக்கு எதைத் தின்ன வந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வூட்டுக்குப் போலாம்ப்பா" என்றாள் அவள், ஆட்டோக்காரனிடம்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டாள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தன் மேலுள்ள பிரியத்தில்தான் செய்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அழக்கூட முடியாமல் கிடந்தாள். யாரைப் போய்க் குறை சொல்வது?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மாவாக அரைத்த மண் முதல் மழையில் மேலே இறுகியது. அடுத்த மழையில் கரைந்தது. மதிலோரத்துக் கால்வாயில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்ததைச் சுப்பராயன் நின்று பார்த்தான். எத்தனையோ நிலத்தில் இதே தண்ணீரைப் பார்த்திருக்கிறான். மழை என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டவன். இந்த முறை சாக்குகளில் மண்ணை வாரிக் கட்டி, கால்வாய் வாயில் அடுக்கினான். முழங்கால் சேற்றில் நின்று தடுத்தான். தடுத்தது கொஞ்சம், போனதுதான் அதிகம்.

மழை வெறித்ததும் பலகைகளைத் திரும்பப் பதித்தான். எந்தப் பலகை எங்கே இருந்தது என்று தெரியாமல், குத்துமதிப்பாகத்தான் வைக்க முடிந்தது. பிறகு சணப்பை விதை ஒரு மூட்டை வாங்கி வந்து வீட்டுக்குள் வைத்தான். அவள் முதுகைப் பார்த்துக் கேட்டான்.

"எப்டி தெளிக்கறது?"

அவன் போகத் திரும்பியபோது சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கை நெறய அள்ளாத. மூணு வெரல்ல புடி. பலக மேல நின்னுகினு வீசு, கீழ எறங்காத."

"எறங்க மாட்டேன்."

"கம்பெனி செவுத்தோரமா கொஞ்சம் நெருக்கி உடு. அங்க மொளக்காது."

"ம்."

"குடிக்கத் தண்ணி எடுத்துகினு போ" என்றாள். அவன் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போனான்.

அந்தப் பயிர் குட்டையாகத்தான் வந்தது. குளிர்கால இருட்டில் இடுப்புயரத்திலேயே பூத்துவிட்டது. தை பிறந்ததும் அவளை மெல்ல நடத்திக் கூட்டிப் போனான். அவள் வரப்பில் நின்று ஒரு தண்டை வளைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். பலகையைக் கையிலெடுக்கப் போனவளை அவன் தடுத்து, கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டான். வாழ்நாளெல்லாம் இரும்பை வைத்து நிலத்தைக் கிளறியவனுக்கு ஒரு காலால் மிதிக்கத் தெரியவில்லை. தடுமாறினான். "குதிக்காத மாமா. அழுத்து. அது தானா படுக்கும்" என்றாள். அன்று சாயங்காலம் அவனுக்கு இடுப்பு விட்டுப்போனது. "இத்த வருஷா வருஷம் நீ ஒருத்தியா பண்ணிகினு இருந்தியா" என்று கேட்டான். அவள் தைலத்தைத் தேய்த்துவிட்டாள்.

மண் பழையபடி ஆகிவிடவில்லை. விரலால் குத்த முடியவில்லை, அரிவாளே திணறியது. மதிலோரம் நான்கு பாத்தியில் ஒன்றுமே வரவில்லை. "மறுபடியும் மொதல்லேர்ந்துதான்" என்றாள், அவ்வளவு கசப்பில்லாமல். பஸ் நிற்குமிடத்துக்கு அந்தப் பங்குனியில் அவள் கொண்டுபோனது பாதிக் கூடைதான். பெண்கள் அதையும் சண்டை போட்டு வாங்கிப்போனார்கள். சுப்பராயன் இன்னமும் மற்றவர் நிலங்களை ஓட்டத்தான் செய்கிறான். சோறு அதில்தான் வருகிறது. ஆனால் டீக்கடையில் யாராவது சீண்டினால் இப்போது சிரித்து வைப்பதில்லை. "வந்து பாரு. பலக மேல நட" என்கிறான்.

சித்திரையில் ஒரு மத்தியானம், கத்தரி பறித்துக்கொண்டிருந்தவள் அவனைக் கூப்பிட்டாள். பலகையில் அவளருகே குந்தினான். தார் ரோட்டில் கானல் ஓடுகிற வெயில். "கைய உடு" என்று மூடாக்கை விலக்கிக் காட்டினாள். சணப்பைச் சருகுக்குள் கையை நுழைத்தான். பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது. அவன் கையை வெளியே எடுக்கப் போனபோது, "இரு" என்றாள். இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, விரலிடுக்கில் ஏதோ ஒன்று மெல்ல நெளிந்து ஊர்ந்து போனது. மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. பென்னலூரிலிருந்து யாரோ, வண்டி கேட்டு. அவன் கையை அசைக்கவில்லை. சுந்தராம்பாள் குனியாமல் கை நீட்டி அவன் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அவுரு வேலயா கீறாருப்பா. அப்பால பேசுவாரு" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்து, திரும்ப அவன் பைக்குள் வைத்தாள்.