கலப்பத்து அடித்த தொட்டி

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பின்முற்றத்துக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை கறுப்புக் கோடுகள். காலையில் நாங்கள் கிளம்பும்போது வெளிர்பழுப்பாக நின்றிருந்த மரத்தொட்டியில், ஒவ்வொரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் அகலத்துக்குத் தார் பூசியிருந்தது. எண்ணினேன். முப்பத்திரண்டு கோடுகள்.

"என்னடி, வழிய மறிச்சு நிக்கிற?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டாள். வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நான் விலகினேன். அவளும் பார்த்தாள்.

அந்தத் தொட்டி அவளுடைய முட்டிக்காக வந்தது. ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது முட்டிச்சில்லு உடைந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், இளஞ்சூட்டு நீரில் உட்காரவைத்துக் காலை மடக்கச் சொல்லித் தருகிறார்கள். அங்கே போனால் ஐந்து டிகிரி கூடும். மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஆட்டோவில் குலுங்கித் திரும்புவதற்குள் முட்டி வீங்கும். மறுநாள் அந்த ஐந்தும் போயிருக்கும். வீட்டிலேயே தினமும் இருபது நிமிடம் செய்தால் பலன் நிற்கும் என்று அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். மார்ச் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்குள் எண்பத்தைந்து டிகிரி மடங்க வேண்டும். இல்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து, டாக்டரே பிடித்து மடக்குவார்.

எண்பத்தைந்து டிகிரி என்பது எங்கள் வீட்டில் பதினேழு மரப்படிகள். செங்குத்தானவை. அக்காவின் அறை மாடியில். விழுந்த நாளிலிருந்து அவளுடைய கட்டில் கீழே முன்னறையில் கிடக்கிறது. அக்காவின் கணவரான மச்சானைத் தேடி வரும் வியாபாரிகள் உட்காருவதும் அந்த அறையில்தான். அவர்கள் சாயா குடித்தபடி கயிறு விலை பேசுவார்கள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் போனில் தேடி, பெட்டியில் பிரித்து அனுப்பும் மரத்தொட்டி ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். முப்பத்திரண்டு பலகைகள், அடிப்பலகைகள், மூன்று எஃகு வளையங்கள், ஒரு சிறிய ஹீட்டர், பன்னிரண்டு பக்கக் கையேடு. பூட்டுவதற்கு ஒரு பகல் பிடித்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டை உரக்கப் படித்தாள். நான் ஒவ்வொரு பலகையாக அடிப்பலகையின் விளிம்பில் பொருத்தி ரப்பர் சுத்தியால் தட்டினேன். மச்சான் வளையங்களைத் தூக்கி மாட்டி நட்டு முறுக்கினார். ஏறி இறங்க ஒரு தாழ்ந்த மேடையும், பிடித்துக்கொள்ள இருபுறமும் கயிறும் அவரே செய்தார். அந்தக் கயிறு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கையேட்டின் ஆறாம் பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கை. நிரப்பினால் முதலில் ஒழுகும். ஏழு நாள்வரை ஒழுகலாம். மரம் ஊறிப் பருத்துத் தானே அடைத்துக்கொள்ளும். இடுக்கில் எதையும் அடைக்காதீர்கள். அக்கா இதை இரண்டு முறை படித்தாள். மச்சானுக்கு மலையாளம்தான் சரளமாக வாசிக்க வரும் என்பதால் நான் அதை மலையாளத்தில் பெரிய எழுத்தில் எழுதி முற்றத்துச் சுவரில் ஒட்டினேன். முப்பது வருடம் பத்திரிகை மேசையில் மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்தியவள் நான். தெளிவாக எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

மச்சான் நாற்பது வருடமாகக் கடைத்தெருவில் படகுச் சாமான் விற்கிறார். கயிறு, செம்பு ஆணி, பஞ்சுத் திரி, தார். படகின் பலகை இடுக்கில் பஞ்சை உளியால் அடித்து இறக்கி மேலே தார் பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். கலப்பத்து அடிக்காத இடுக்கைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். இரண்டாம் நாள் தொட்டியிலிருந்து ஒழுகிய நீர் பக்கச் சந்து வழியாகப் போய் கேட்டுக்கு அடியில் தெருவுக்கு வந்தது. அது குழாயில் தண்ணீர் வரும் நேரம். தெருவில் குடங்களோடு வரிசை நின்றது.

"எந்தா இக்கா, வீட்டுக்குள்ள குளம் வெட்டியோ?" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் மச்சானிடம் கேட்டாள்.

"குளமில்ல, அருவி," என்றாள் இன்னொருத்தி. "டிக்கெட் எவ்வளவு?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. உள்ளே வந்து தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் வியாழன். அக்காவும் நானும் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மச்சான் கலப்பத்து வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, இரண்டு நாள் ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டு, பலகைகளை வெயிலில் காயவைத்து, முப்பத்திரண்டு இடுக்கிலும் பஞ்சை அடித்து இறக்கச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் முற்றத்தில் நிற்பதைப் பார்த்து, கையில் சாயா கிளாஸோடு மச்சான் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா? இனி ஒரு சொட்டு போகாது. கடல்ல போற வள்ளத்துக்கு அடிக்கிற பஞ்சு. முதல் தரம்."

"மச்சான், சுவத்துல ஒட்டியிருந்த காயிதம் எங்க?"

அவர் துவைக்கிற கல்லைக் காட்டினார். என் காகிதம் அங்கே கிடந்தது. அதன்மேல் தாரை வைத்துக் குழைத்திருந்தார்கள். 'அடைக்காதீர்கள்' என்று நான் மலையாளத்தில் எழுதிய சொல்லின் பாதி தெரிந்தது.

"ஏதாச்சும் காயிதம் வேணும்னான் அவன்," என்றார் மச்சான்.

குரலை உயர்த்தாமல் பேச முயன்றேன், முடியவில்லை.

"ஒழுகணும் மச்சான். ஒழுகினாத்தான் மரம் ஊறும். ஊறுற மரத்துக்கு இடம் வேணும். அந்த இடத்துலதான் பஞ்ச அடிச்சு வெச்சிருக்கீங்க."

"ஒழுகுறதுதான் நல்லதுன்னு பறயுற தொட்டிய இப்பத்தான் காணுறேன். நாப்பது வருசம் நான் வேற என்ன செஞ்சேன்? நீ பேப்பர் ஆபீசுல படகு ஓட்டுனியா?"

கலப்பத்து வேலைக்காரர் குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் நிமிராமலே என்னிடம் சொன்னார்: "ஞான் அப்பவே கேட்டதா இத்தா. வள்ளத்துக்கு உள்ள விலாச் சட்டம் இருக்கு, பலக எங்கயும் போகாது. இதுக்கு மூணு வளையம் மாத்ரம். பலக தள்ளினா ஆரு பிடிக்கும்னு கேட்டேன். இக்கா பறஞ்ஞு, நீ அடின்னு."

மச்சான் அவரை முறைத்தார். "மதி, போதும். கூலி வாங்கினேல்ல, போ."

கேட்டிருக்கிறார். வேலைக்கு வந்தவர் பார்த்த உடனே கேட்டிருக்கிறார். எச்சரிக்கை இரண்டு முறை வாசிக்கப்பட்டது, ஒரு முறை எழுதப்பட்டது, ஒரு முறை வாயால் சொல்லப்பட்டது. நான்கும் ஒரே மனிதரிடம். தெருவில் இரண்டு பெண்கள் சிரித்ததற்கு முன்னால் அந்த நான்கும் நிற்கவில்லை.

எல்லாவற்றையும் பிடுங்குங்கள் என்றேன். பலகையின் விளிம்பெல்லாம் தார் குடித்துவிட்டது, இனி பிடுங்கினால் ஆற்றுநீர்போல் ஒழுகும் என்றார் மச்சான். அது உண்மைதான். அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது. நான் கத்தினேன், அவர் கத்தினார். அக்கா வாக்கரைத் தரையில் ஒரு முறை ஓங்கி ஊன்றினாள்.

"இது யாரு காலு?"

இருவரும் நிறுத்தினோம்.

"இவ என்னைக் கேக்காம வாங்குனா. நீங்க என்னைக் கேக்காம அடச்சீங்க. ஒருத்தராச்சும் என் முகத்தப் பாத்து ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் என்ன, கட்டிலோட சேந்த சாமானா?"

மச்சான் வாயைத் திறந்தார்.

"நீங்க பேசாதீங்க. பன்னெண்டு நாளுதான் இருக்கு. தாரோ பஞ்சோ, நிரப்புங்க."

அவள் சொன்னதில் என்னைப் பற்றிய பாதி சரி. ஆர்டர் போட்டுவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன். அன்று அவள், "நல்லதுதான்," என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நிரப்பினோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மச்சான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உலர்ந்த தரையை என்னிடம் காட்டினார். சனிக்கிழமை காலை அக்கா கயிற்றைப் பிடித்து மேடையில் ஏறி நீரில் இறங்கினாள். இருபது நிமிடம். ஒவ்வொரு மடக்குக்கும் வாய்க்குள் எண்ணினாள். ஏறி வந்தபோது கெண்டைக்காலில் கறுப்புத் தீற்றல்கள். சூட்டில் தார் இளகியிருந்தது. ஒரு தீற்றல் தையல் தழும்பின் மேலேயே. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அவள் வலியில் பல்லைக் கடித்தாள். ஆனால், "நல்லா மடங்குதுடி," என்றாள். ஞாயிறும் திங்களும் இறங்கினாள். திங்கள் மாலை மாடிப்படியின் முதல் படியில் இடது காலைத் தூக்கி வைத்து, சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலை முடிந்துகொண்டிருந்தாள். தொட்டியில் இறங்க இன்னும் பத்து நிமிடம். பின்முற்றத்தில் இரும்புச் சட்டி கல்லில் விழுந்ததுபோல் ஒரு சத்தம். நடு வளையத்தின் போல்ட் அறுந்திருந்தது. நான் கதவைத் திறப்பதற்குள் நீர் பக்கச் சந்து முழுக்க நிரம்பி முன்னறைக்குள் வந்துவிட்டது. கட்டிலின் கால்கள் நனைந்தன. வாக்கர் நகர்ந்து சுவரில் போய் முட்டியது. அக்கா இரண்டு கால்களையும் கட்டிலின் மேல் தூக்கிக்கொள்ளப் பார்த்தாள். வலதுகால் மட்டும் வந்தது.

முற்றத்தில் பலகைகள் நான்கு புறமும் சாய்ந்து கிடந்தன. பருத்த மரம் பஞ்சை இடுக்கிலிருந்து வெளியே பிதுக்கியிருந்தது. மச்சான் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். ஒரு பலகையைத் தூக்கினார், விளிம்பைத் தடவினார், அறுந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"போல்ட் மட்டம்," என்றார். "என் கடையில இதவிட நல்லது இருக்கு."

நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. தெருவில் குடத்தோடு நின்றவர்கள் கேட்டார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வயது அறுபத்தேழு, என் அக்காவின் புருஷன், அந்த வார்த்தைகளை அவரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதற்காக இன்றுவரை வருத்தமும் இல்லை.

விற்ற நிறுவனம் படம் அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். இடுக்கில் அடைத்த தொட்டிக்கு உத்தரவாதம் கிடையாது, ஆறாம் பக்கத்தைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. மச்சான் பலகைகளைச் சந்தில் அடுக்கிவைத்து மேலே தார்ப்பாய் போட்டார். மறுநாளிலிருந்து வியாபாரிகளைக் கடையிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து துணியில் முக்கி முட்டியில் வைத்தேன். முன்னறையில் ஈர வாடை போகவே இல்லை.

மார்ச் கடைசிச் செவ்வாய், பகல் பதினொன்று இருபது. பயிற்சி கொடுக்கும் பெண் பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்து, எண்ணை ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். எழுபத்து நான்கு. டாக்டர் மயக்க மருந்துக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அதில் நோயாளி கையெழுத்திட ஒரு கோடு, உறவினர் கையெழுத்திட ஒரு கோடு. மச்சான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, முதல் கோட்டில் கையெழுத்திட்டு, மூடியைப் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.