திரையைத் தாண்டிய கோடு

என் கணவருக்கு ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. கழிவுநீர்ப் பிரிவில் சூப்பர்வைசர். நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். பொழுதுபோக்காக வீட்டில் சின்னச் சின்னக் கருவிகள் செய்வேன். அப்படிச் செய்ததுதான் அந்த டப்பா.

கழிவுநீர்த் தொட்டிகளில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு விஷவாயு வரும். அதை உணரும் சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், தீப்பெட்டி அகலத்தில் ஒரு திரை, ஒரு பஸ்ஸர், இவ்வளவுதான் டப்பா. திரையின் மேல்பாதியில் வாயுவின் அளவு எண்ணாகத் தெரியும். கீழ்ப்பாதியில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து, அளவு ஏறுவதையும் இறங்குவதையும் வரையும். வலது ஓரம் வந்ததும் மறுபடி இடது பக்கம் தொடங்கும். அளவு பத்தைத் தாண்டினால் பஸ்ஸர் கத்தும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆலை ஓடாத நாளில்தான் தொட்டியைச் சுத்தம் செய்ய முடியும்.

"அது இன்னும் முடியலைங்க. இடது ஓரத்துல ஒரு புள்ளி தானா வருது. ஏன்னு தெரியல" என்றேன்.

"ஒரு புள்ளிதானே, அதுக்கு இன்னா இப்போ? கம்பெனி மீட்டரு மேல நிக்கறவன் கையில இருக்கும். உள்ள எறங்கறவன் இடுப்புல இது ஒண்ணு இருந்தா நல்லதுதானே. நம்பர் கரெக்டா காட்டுதில்ல?"

நம்பர் சரியாகத்தான் காட்டியது. அவர் கிளம்பிவிட்டார்.

அதே மாதிரி இன்னொன்று என் மேசைமேல் பிரித்தபடி கிடந்தது. சென்சாருக்குப் பதிலாக, திருகக்கூடிய ஒரு குமிழைப் பொருத்தி, லேப்டாப்பில் இணைத்துவிட்டு உட்கார்ந்தேன். திருகினால் எண் ஏறும், கோடும் ஏறும். கோடு வலது ஓரத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இடது ஓரத்தில், சற்றுக் கீழே, புள்ளி முளைத்தது. புரோகிராமை வரி வரியாகப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. திரையின் அகலம் நூற்று இருபத்தெட்டு புள்ளிகள். எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் நூற்று இருபத்தேழோடு நிற்க வேண்டும். நான் ஓர் ஒப்பீட்டில் தேவையில்லாமல் ஒரு சமக்குறி போட்டிருந்தேன். கோடு ஒரு புள்ளி கூடுதலாகப் போனது. இந்தத் திரை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைகளாகப் பிரிந்தது; ஒரு பட்டையில் இடமில்லாததால் அந்தப் புள்ளி அடுத்த பட்டையின் தொடக்கத்தில் போய் விழுந்தது.

சிரிப்பு வந்தது. சமக்குறியை அழிக்கும் முன், வாயு இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்க்கக் குமிழைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கினேன். கோடு திரையின் அடிவரியில் ஊர்ந்தது. ஓரத்தைத் தொட்டது. புள்ளி வரவில்லை.

கடைசிப் பட்டைக்குக் கீழே வேறு பட்டை கிடையாது. அப்படியானால் அந்தப் புள்ளி எங்கே போகிறது?

திரைக்கான நினைவகத்தை அடுத்து எது இருக்கிறது என்று தேடினேன். பஸ்ஸர் கத்த வேண்டிய எல்லை இருந்தது. அதை லேப்டாப்பில் காட்டச் சொன்னேன். பத்து இருக்க வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தெட்டு இருந்தது; காணாமல் போன புள்ளி அங்கே விழுந்து எண்ணைக் கூட்டியிருந்தது. குமிழை மெல்லத் திருகி ஏற்றினேன். இருபது. நாற்பது. எண்பது. பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் சுவிட்ச் போட்ட கையோடு பஸ்ஸரைச் சோதித்திருக்கிறேன். கோடு ஓரத்தை எட்டும்வரை ஒரு தடவையும் காத்திருந்ததில்லை.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தொட்டியருகே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஸ்கூட்டரை எடுத்தேன். பஜாரில் பிரியாணிக் கடை வாசல்களில் வண்டிகள் பாதி ரோட்டை அடைத்திருந்தன. ரயில்வே கேட் மூடியிருந்தது. காட்பாடிப் பக்கம் போகும் ஒரு கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாதது போல் போய்க்கொண்டிருந்தது. கை பிரேக்கை விடவே இல்லை என்பது விரல்கள் வலித்தபோதுதான் தெரிந்தது.

ஆலை வாசலில் காவலாளி வழி மறித்தார். "உள்ள தொட்டி தொறந்துகீதும்மா. யாரையும் வுடக் கூடாது."

"நான் வரலைண்ணே. உள்ள போன் பண்ணி, எறங்குனவர மேல ஏறச் சொல்லுங்க. அந்தப் பொட்டி கத்தாதுன்னு சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்தார். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். காவலாளி நான் சொன்னதை அப்படியே சொன்னார். அதன்பிறகு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

என் கணவர் ஒருவரைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார். தொட்டியில் இறங்கியவர்தான் அவர்; அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், நடுவயது. இடுப்பில் கயிற்றுப் பட்டையும் என் டப்பாவும் அப்படியே இருந்தன. படிக்கட்டில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"காத்து ஊதற ப்ளோயர் ஓடிக்கினுதான் இருந்துது" என்றார் கணவர். "அடிச் சேத்தக் கிளறவும் கிளம்பிருச்சு போல."

அந்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல ஒரே நாத்தம்மா. அப்றம் ஒண்ணும் தெரியல. பொட்டியும் கத்தல. சரியாப் போச்சுன்னு வேலையப் பாத்துக்கினு இருந்தேன்."

அந்த வாயு மிகவும் கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போனது சரியானதால் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மாலையில் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். அவர் மனைவி வந்திருந்தார். நடந்ததை நானே அந்த அம்மாவிடம் சொன்னேன். புரோகிராம், நினைவகம் எதுவும் சொல்லாமல், "நான் செஞ்ச பொட்டி கத்தலைம்மா" என்றேன். "இனிமே யார் இடுப்புலயும் அதக் கட்டாதீங்க" என்றார் அவர், சத்தம் உயர்த்தாமல்.

திரும்பும் வழியில் கணவர் வண்டியை சர்வீஸ் ரோட்டோரம் நிறுத்தினார்.

"நான்தான் அவன் இடுப்புல மாட்னேன்" என்றார். "நீ முடியலன்னு சொன்னே."

"எழுதுனது நான்."

உப்புத் தோல் ஏற்றிய லாரி ஒன்று நீர் சொட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

மறுநாள் அவர் மேலாளரிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். உள்ளே இறங்குபவருக்கும் முறையான மீட்டர் வரும்வரை தொட்டி மூடியே கிடந்தது. சமக்குறியை நான் ஞாயிற்றுக்கிழமை இரவே அழித்துவிட்டேன். சரியாகிவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. டப்பா மறுபடி யார் இடுப்புக்கும் போகவில்லை.