வேளை கெட்ட மணி

எங்கள் தலைமை ஆசிரியை எதற்கும் பயப்படாதவர் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் அவரோடு ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. நான் நான்கு வருஷம் பார்த்தேன். அவர் பயந்துகொண்டேதான் இருந்தார். தினமும் பள்ளிக்கூடம் திறக்கும் முன் கரைக்குப் போய், எத்தனை வள்ளம் கடலுக்குப் போயிருக்கிறது என்று எண்ணிவிட்டு வருவார். ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு அன்றோடு முடிந்தது. மனு எழுதுவது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது, காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். ஊருக்கு அவர் பெரிய டீச்சர். ஏரலில் இருந்து போன நான் சின்ன டீச்சர்.

யுத்த காலம். கடலில் வெடிகுண்டு மிதக்கிறது என்று வேறு வதந்தி. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. இந்த முறையும் பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கு அங்கீகாரம் கிடையாது. பெரிய டீச்சர் இதை ஊரில் மூச்சுவிடவில்லை. மூடப்போகிற பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் இருக்கிற பிள்ளைகளையும் நிறுத்திவிடுவார்களே என்று பயம்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் பார்த்துக் கரையில் சாளை மீன் குவிந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் அங்கே. வகுப்பில் ஒன்பது பேர். பெரிய டீச்சர் மற்றவர்களைக் கூட்டிவர ஓடினார். நான் வாசலில் நின்றேன். தூரத்தில் இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டி தெரிந்தது. பிள்ளைகளைக் கூப்பிட மணிக் கயிற்றைப் பிடித்து விடாமல் அடித்தேன்.

அந்தக் கரையில் மணியை விடாமல் அடித்தால் வள்ளத்துக்கு ஆபத்து என்று அர்த்தம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வந்த முதல் வாரமே பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அவசரத்தில் புத்தி கெட்டுப்போயிற்று. சங்கு குளிக்கப் போன இரண்டு வள்ளங்கள் அப்போது கடலில் இருந்தன.

பெண்கள் கையில் மீன் செதிலோடு அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் புருஷன் சங்கு குளிக்கப் போயிருந்தான்.

"எந்த வள்ளம்ளா? வாயத் திறந்து சொல்லுளா!"

பின்னாலேயே பெரிய டீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ஒரு வள்ளத்துக்கும் ஒண்ணுமில்ல. இன்ஸ்பெக்டர் வண்டியப் பாத்த பயத்துல இவ அடிச்சிட்டா."

என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

"அப்படி என்ன பயம்? வாரவரு இவளக் கடிச்சா திங்கப் போறாரு?" என்றாள் ஒருத்தி.

"பிள்ளைய இல்லன்னா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க. எனக்கும் அதே பயந்தான். உங்ககிட்டச் சொல்லாம மறைச்சது என் தப்பு."

அவர்கள் எங்களை வைததை எழுத முடியாது. வைது ஓய்ந்ததும் நிறைமாதக்காரிதான் முதலில் தன் மகளை மீன் கூடையோடு இழுத்து வந்து வகுப்புக்குள் தள்ளினாள்.

"உங்கப்பன் வார வரைக்கும் இங்கன இரி. நானும் இங்கனதான் நிப்பேன். கரையில போய் நின்னா நெஞ்சு வெடிச்சிரும்."

மற்றவர்களும் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, சுவரோரம் கடலைப் பார்த்து நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே தலைகளை எண்ணினார். வகுப்பு நிறைந்திருந்தது. வெளியே நின்றவர்களைக் காட்டி, "இவங்கள்லாம் யாரு?" என்றார்.

"தாய்மாரு, சார்."

"படிப்புல இவ்வளவு அக்கறையா! பரவாயில்லையே," என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். எனக்காக ஒரு பொய் சொல்லாத பெரிய டீச்சர் அப்போது வாயே திறக்கவில்லை.

உச்சி வெயிலில் ஒரு வள்ளத்தின் பாய் தெரிந்தது. யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து இரண்டாவதும் தெரிந்தது. பெண்கள் ஓடினார்கள், பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் எப்போதோ போயிருந்தார்; அவரை வண்டி ஏற்றி அனுப்பியது நான்தான், பெரிய டீச்சர் தாய்மாரோடு கடலைப் பார்த்து நின்றுவிட்டார். பெரிய டீச்சர் படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் கேட்டார்.

"அங்கீகாரத்துக்குக் கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டாரு."

"மணிக் கயித்த அவுத்து எங்கிட்டக் குடு."

கொடுத்தேன். நான் அங்கிருந்த வரைக்கும் அந்த மணியைத் தொட அவர் என்னை விடவில்லை.