பக்கம் பார்க்க எல்லாரும் வந்த ஞாயிறு

நான் ஆட்டோ ஓட்டியவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் மட்டும் எப்படியோ வாங்கிவிட்டேன். பேச்சு எனக்கு வராது. ரேடியோ செட்டில் யாராவது கூப்பிட்டால் "கேக்குது" என்பேன். அதோடு சரி.

எங்களை மாதிரி ரேடியோக்காரர்கள் குரலை வாங்கி ஊருக்கெல்லாம் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டி, அதன் ஏரியல் கம்பத்தோடு, அடையாறில் ஒரு ஃபிளாட் மொட்டைமாடியில் இருந்தது. அதை வைத்தவர் அங்கேயே குடியிருந்த மாமா. பாங்கில் ரிட்டயர் ஆனவர்.

கட்டடத்துக்குப் புது செயலாளர் வந்தார். தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும், கம்பத்தைக் கழற்றுங்கள் என்றார். "யாரும் பேசறதே இல்ல. சும்மா துருப்பிடிச்சுக்கிட்டு நிக்குது." அது போனால் எங்கள் பேச்சு தெருமுனை தாண்டாது. வேறு மாடி யாரும் தரமாட்டார்கள்.

மாமா சண்டை போடவில்லை. கம்ப்யூட்டரைப் பெட்டியோடு இணைத்து இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்தார். பேசும் முன் அவரவருக்கு மாமா கொடுத்த எண்ணைச் செட்டில் அழுத்த வேண்டும். யார், எந்த ஏரியா என்று அந்த இன்டர்நெட் பக்கத்தில் வந்து விழும்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் எல்லாரும் பேசுவா. நீங்களே வந்து பாருங்கோ," என்றார் செயலாளரிடம்.

செயலாளர் வந்து உட்கார்ந்தார். மாமா பக்கத்தைத் திறந்தார். வெள்ளையாக இருந்தது.

"லைன் கொஞ்சம் ஸ்லோ," என்றார் மாமா.

காலிங் பெல் அடித்தது. கோடம்பாக்கத்துத் தையல்கடை பாய், எங்கள் ரேடியோக் கூட்டாளி. பக்கத்தைப் பார்க்க வந்திருந்தார். பின்னாலேயே ஆதம்பாக்கத்துக்காரர். தி. நகர்க்காரர் பெண்டாட்டியோடு வந்தார். கூடத்தில் இடமில்லை. மாமி காபியை நிறுத்தி மோருக்கு மாறினார். நானும் ஓரமாக நின்று திரையைப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

பாய்தான் கடைசியில் சொன்னார். "நாம எல்லாம் இங்க கீறோம். அங்க யாரு பேசிக்கினு இருப்பா?"

செயலாளர் எழுந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்."

மாமா என் தோளைப் பிடித்தார். "கீழ போய் பேசுப்பா."

"இன்னா பேசறது மாமா?"

"எதையாவது பேசு!"

கீழே போனேன். ஆட்டோவிலிருந்து செட்டை எடுத்தேன். எண்ணை அழுத்தினேன். "கேக்குது," என்றேன்.

மேலே கைதட்டினார்கள். மாமா பால்கனிக்கு ஓடி வந்தார். "விழுந்துடுத்து! இன்னும் பேசு!"

"கேக்குது."

"இந்த ஒரு ஆளுக்காகவா கம்பம்?" என்று செயலாளர் கேட்டது தெருவுக்கே கேட்டது.

அவ்வளவுதான். மொத்தப் பேரும் செட்டோடு படியிறங்கி ஓடி வந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். ரெண்டு பேர் சேர்ந்து அழுத்தினாலே கொர்ரென்று சத்தம்தான் வரும்.

"ஒண்ணும் விழலை!" என்றார் மாமா.

எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். எல்லாரும் நிறுத்தினார்கள். அடுத்தவர் பேசட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து, "நீங்க மொதல்ல பேசுங்க," என்று அழுத்தினார்கள். கொர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் கைய எடுங்க. நான் யார காட்றேனோ அவங்க மட்டும் பேசுங்க," என்றேன். அந்த வருஷத்தில் நான் பேசியதில் அதுதான் நீளம்.

டிராபிக் போலீஸ் மாதிரி நடுத்தெருவில் நின்று கை காட்டினேன். பாய் பேசினார். ஆதம்பாக்கம் பேசியது. வாட்ச்மேன் வந்து, "இன்னா நைனா தகராறு?" என்றான்.

மேலே செயலாளர் திரையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். "கோடம்பாக்கம்னு போட்டிருக்கு. ஆளு நம்ம கேட்டுல நிக்கிறாரே?"

"அவர் ஆத்து விலாசம் கோடம்பாக்கம் சார்," என்றார் மாமா.

"இத்தனை பேரு பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு எதுக்கு மைக்ல பேசறாங்க? நேராப் பேசினா ஆகாதா?"

"நேராப் பேசினா பக்கத்துல விழாதே!"

செயலாளர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அடுத்த ஞாயிறு இன்னொரு தரம் பாக்கறேன். ஆனா ஒருத்தரும் இங்க வரக்கூடாது," என்றார்.

வரவில்லை. அவரவர் வீட்டிலிருந்து பேசினோம். பக்கம் நிறைந்து கீழே ஓடியதாம். கடைசியில் என் பெயர் விழுந்ததும், இவர் என்ன சொன்னார் என்று செயலாளர் கேட்டிருக்கிறார்.

"கேக்குதுன்னான்," என்றாராம் மாமா.

கம்பத்தை விட்டுவிட்டு, தொட்டியை அடுத்த மூலையில் கட்டினார்கள்.